அளவு ரவிக்கை

மேல் டிவிஷன் லைன்,
கேமரன் மலை.
14.11.2022

யோகேஸ்வரிக்கு,

உன் பார்சல் வந்தது. தபால்காரர் மேல் டிவிஷன் வரை ஏறுவதில்லை. நான்தான் தானா ராத்தா தபால் ஆஃபிஸுக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். நன்றி எதிர்பார்த்து இதைச் சொல்லவில்லை. சேர்ந்ததா, சேர்ந்ததா என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என் கைப்பேசியில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது அப்படியே இருக்கட்டும். எழுத்தில் இருந்தால், யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு சண்டை வராது.

ஸ்வெட்டர் அம்மாவுக்குப் பெரிது. கை விரல் நுனியைத் தாண்டி ஒரு சாண் தொங்குகிறது. உன் நினைவில் இருப்பவள் தேயிலைக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு ஆறாம் நம்பர் மலையை ஒரே மூச்சில் ஏறிய அம்மா. இப்போது இருப்பவளுக்கு எழுபத்தாறு வயது. குளித்துவிட்டு வந்தால் துண்டுக்குள்ளேயே காணாமல் போகிறாள். ஸ்வெட்டரை ஃபேக்டரியில் வேலை செய்யும் நேப்பாளி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் குளிராவது விட்டது.

உன் கடிதத்தை அம்மாவின் இடது காதில் கத்தி வாசித்தேன். வலது காது முழுதாகப் போய்விட்டது. இந்தத் தொழிலாளர் லைனில் இப்போது தமிழ் பேசும் வீடு நம்முடையது ஒன்றுதான். மற்றவர்கள் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள், நேப்பாளிகள். அதனால் அவளிடம் பேசுகிற ஆளும் நான்தான், அவளுக்காக எழுதுகிற ஆளும் நான்தான்.

நீ முதியோர் இல்லத்தில் வேலை செய்வதாக எழுதியிருந்தாய். வெள்ளைக்காரக் கிழவிகளுக்குக் கஞ்சி ஊட்டி, தலை வாரி, படுக்க வைக்கிறாய். நல்லது. அதே வேலையை நானும் செய்கிறேன், பகலெல்லாம் தோட்ட ஆஃபிஸில் கிராணியாகக் கணக்கு எழுதிவிட்டு.

லோகேஸ்வரன்


போடோ, நார்வே.
11.12.2022

பாசமுள்ள அண்ணனுக்கு,

தங்கை யோகேஸ்வரி எழுதுவது. நானும் ஹென்ரிக்கும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் பெரிதாகப் போனதை வாசித்து எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மாவைப் பார்த்து இருபத்தொரு வருஷம். கண்ணை மூடினால் அந்தத் தோள்தான் தெரிகிறது, அதை வைத்தே பின்னிவிட்டேன். நேப்பாளிக்குக் கொடுத்தது நல்லதுதான்.

இங்கே எல்லோரும் பின்னுகிறார்கள். பஸ்ஸில், மீட்டிங்கில், டாக்டருக்குக் காத்திருக்கும்போது. எனக்குச் சொல்லித் தருவது இல்லத்தில் இருக்கும் சோல்வெய்க், தொண்ணூற்றொரு வயது. ஒரு கண்ணி தப்பினாலும் பிரி என்பார், பிரிப்பேன். அவர் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லையாம். என் பெயர் அவருக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் பல்லில்லாமல் சிரிப்பார். இந்த மாதம் சூரியன் மலைக்கு மேலே ஏறாது. நண்பகலில் கொஞ்சம் நீலம், பிறகு இருட்டு. கையில் ஊசி இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் அண்ணே.

இந்த ஊர் ஸ்வெட்டரை உருளையாகப் பின்னிவிட்டு, கை வைக்கும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். வெட்டியபின் திருத்த முடியாது. அதனால் முதலிலேயே அளவு வேண்டும். தயவுசெய்து அம்மாவின் அளவு ரவிக்கை ஒன்றை அனுப்புங்கள். தையல்காரரிடம் கொடுப்போமே, அதேதான்.

இன்னொன்று. மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன், பதில் இல்லை. ஜூலையில் எனக்கு ஐந்து வாரம் லீவு. நான் வரலாமா? நான் ஹென்ரிக்கோடு கிளம்பிய அன்றைக்கு வாசலில் நின்று, "நான் கூப்புடுற வரைக்கும் இந்தப் படிய மிதிக்காத" என்று அம்மா சொன்னதை நான் மீறியதில்லை. அப்பா இறந்தபோதுகூட மீறவில்லை. அம்மா கூப்பிட்டால் போதும். ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
யோகேஸ்வரி


மேல் டிவிஷன்.
6.2.2023

யோகேஸ்வரிக்கு,

ரவிக்கை இத்துடன் வருகிறது. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவே தகரப் பெட்டியைத் திறந்து, அரைமணி நேரம் துழாவி எடுத்தாள். பழைய பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. அவளே செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டினாள். நான் உறைக்குள் போட்டதோடு சரி.

ஜூலையில் வருவதைப் பற்றிக் கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குளுருக்கு ஸ்வெட்டர் போதும். ஆள் வேணாம்."

உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் வருத்தமாக இருந்தது. என் நிச்சயம் முடிந்து பதினேழாம் நாள் நீ மலைமேல் பாசிக்காட்டை ஆராய வந்த அந்த ஹென்ரிக்கோடு போனாய். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நான் வசுமதியின் கழுத்தில் தாலி கட்டியிருப்பேன். பதினெட்டாம் நாள் அவளுடைய அப்பா திரிங்காப்பிலிருந்து லோரியில் வந்தார். பின்னால் சந்தைக்குப் போகிற செவ்வந்தி கட்டு கட்டாக இருந்தது. நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி இப்படிப் போன வூட்டுக்கு எம் பொண்ண எப்படி அனுப்புறது, நீங்களே சொல்லுங்க கிராணி" என்றார். உட்காரச் சொன்னேன். பூ வாடிடும்லா என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு இப்போது ஐம்பது. நான் எதையும் மறக்கவில்லை.

லோகேஸ்வரன்


போடோ.
2.4.2023

பாசமுள்ள அண்ணனுக்கு,

ரவிக்கை வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணே, இது அம்மாவுடைய ரவிக்கை இல்லை. என்னுடையது. உங்கள் நிச்சயத்துக்காக அம்மா எனக்குத் தைக்கக் கொடுத்தது. கிளிப்பச்சை, அரக்குக் கரை. லெம்பா பெர்த்தாமில் இருந்த ராதாகிருஷ்ணன் தைத்தார். அன்று காலையில் ஒரு கொக்கி அறுந்து, கையில் கிடைத்த கறுப்பு நூலால் நானே தைத்தேன். அந்தக் கறுப்பு நூல் அப்படியே இருக்கிறது. நான் போகும்போது விட்டுவிட்டுப் போனதை அம்மா இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

தன் அளவு கேட்டவளுக்கு அம்மா ஏன் என் ரவிக்கையை அனுப்பினாள்? பத்து நாளாக வேறு எதுவும் ஓடவில்லை. சோல்வெய்க்கிடம் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு வா என்கிறாள், உனக்குத் தெரியவில்லையா?" என்றார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இதுதான் அவள் கூப்பிடுவது என்று எடுத்துக்கொள்ளட்டுமா? ஜூலை ஒன்பதாம் தேதிக்குச் சீட்டுப் பதிந்துவிட்டேன். ஆனால் "ஆள் வேணாம்" என்று சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து எப்படி வரும்? மறுபடி ஒரு தடவை கேளுங்கள் அண்ணே. உங்கள் மேல் ஆணையாக, அவள் வேண்டாம் என்றால் நான் வரமாட்டேன்.

யோகேஸ்வரி


மேல் டிவிஷன்.
9.5.2023

யோகேஸ்வரிக்கு,

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெட்டிக்குள் கையில் பட்டதை எடுத்திருக்கிறாள். சில நாள் என்னையே அப்பா என்று நினைத்து, "கங்காணி இன்னிக்கு வேலைக்குப் பேர் போட்டுட்டானா?" என்று கேட்கிறாள். அப்படிப்பட்டவள் தவறி எடுத்த ஒரு துணியை வைத்து நீயும் உன் கிழவியும் கதை கட்ட வேண்டாம்.

மறுபடியும் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

நீ வந்து வாசலில் நின்றால் அவளுடைய நெஞ்சு தாங்காது. அதற்கு மேல் உன் இஷ்டம்.

சரியான அளவை ஆஃபிஸ் டேப்பால் நானே எடுத்தேன். மார்பு 29 அங்குலம். தோள் 13. கை 19. உயரம், கழுத்திலிருந்து இடுப்பு வரை, 18. கழுத்தை இறுக்கமாகப் பின்னாதே, தலை வழியாகப் போடும்போது பயப்படுகிறாள்.

லோகேஸ்வரன்


போடோ.
20.8.2023

அண்ணனுக்கு,

ஸ்வெட்டரை அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கொடுத்த அளவில் பின்னியது. கழுத்தில் மூன்று பொத்தான் வைத்திருக்கிறேன், தலை வழியாகப் போட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரி இருந்தது. வெட்டும் முன் மூன்று தடவை அளந்து பார்த்தேன்.

சீட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த ஐந்து வாரமும் வேலைக்கே போனேன். ஜூலையில் இங்கே இருட்டுவதே இல்லை. வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பின்னுவேன். பஸ் வரும், போகும். ஹென்ரிக் வந்து கூட்டிப் போவார். சோல்வெய்க் ஜூலை கடைசியில் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அம்மா போட்டுக்கொண்டதும், பிடித்ததா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

யோகேஸ்வரி


மேல் டிவிஷன்.
22.1.2024

யோகேஸ்வரிக்கு,

ஜனவரி மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அம்மா தவறிவிட்டாள். நெஞ்சுச் சளி. மறுநாள் எரித்தோம். தூக்குவதற்கு உறவு போதவில்லை. நேப்பாளிகள் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதங்களை நான் முழுதாக வாசித்ததில்லை. "நல்லா இருக்காளாம்" என்பதோடு நிறுத்திவிடுவேன். நீ வரலாமா என்று கேட்டதை ஒரு தடவைகூட அவள் காதில் போடவில்லை. அவளாகத்தான் சொன்னாள். ரவிக்கையைக் கட்டிக் கொடுத்த அன்றைக்கு, "அந்தப் புள்ளைய வரச் சொல்லி எழுதுடா" என்றாள். எழுதுகிறேன் என்றேன். நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிட்டியா?" "எழுதிட்டேன்மா." அந்தத் தாளில்தான் "ஆள் வேணாம்" என்று இருந்தது.

மே மாதம் நான் டேப்போடு வந்தபோது சிரித்தாள். "எதுக்குடா அளவு? நான் அனுப்புனது அவ ரவிக்கைடா, கிறுக்கா. நீ எழுதுறது எப்படியோ, அதப் பாத்தா அவளுக்குப் புரியும்" என்றாள். என்னை நம்பாமல்தான் அதை அனுப்பியிருக்கிறாள். அவளுக்குப் புரை இருந்தது உண்மை. கைதவறியது பொய். புத்தி கடைசி வரை தெளிவாக இருந்தது.

உனக்கு ஜூலையில் லீவு என்று மட்டும் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். ஜூலை முழுதும் லைன் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரி நின்றால்கூட எழுந்து நிற்பாள். செப்டம்பரில் உன் பார்சல் வந்தது. ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப அவ வரல" என்றாள். அப்புறம், "ரவிக்கையப் பாத்தும் வரல பாரு" என்றாள். மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பனியில் நடுங்கிய நாளில்கூடப் போடவில்லை. கடைசி இரண்டு நாள் நினைவு தப்பிய பிறகு நான்தான் போட்டுவிட்டேன். பொருத்தமாக இருந்தது. நான் எடுத்த அளவில் பிழை இல்லை.

அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் லைன் முனையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீயும் ஒரு தடவை காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். அவள் காத்திருந்ததை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போது நீயும் நானும் சமம் என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். அப்படித் தோன்றவில்லை.

முதல் ஸ்வெட்டரை நேப்பாளிக்குக் கொடுத்ததாக எழுதினேன். கொடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக நான்தான் போட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போதும்.

லோகேஸ்வரன்


போடோ.
18.2.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் யோகேஸ்வரி எழுதுவது. இதை அண்ணன் உனக்கு வாசிப்பார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் விடாமல், சத்தமாக வாசிக்க வேண்டும். உனக்கு இடது காதுதான் கேட்கும்.

நீ அனுப்பிய ரவிக்கை கிடைத்தது அம்மா. பிரித்த பத்து நாளில் புரிந்தது. ஜூலை ஒன்பதாம் தேதிக்குச் சீட்டு எடுத்தேன். கைதவறி அனுப்பிவிட்டாய் என்று கடிதம் வந்தது. நான் உன் கையை நம்பாமல் அந்த எழுத்தை நம்பினேன். அது என் தப்பு. அதை வேறு யார் மேலும் போடமாட்டேன்.

நான் பார்த்தும் வராதவள் இல்லை. இது உனக்குக் கேட்க வேண்டும். இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்.

ரவிக்கை இப்போது எனக்குச் சிறிதாக இருந்தது. ஆனால் பிள்ளை உடம்பு போடும் என்று நீ சொல்லி, ராதாகிருஷ்ணன் பக்கத்தில் துணி விட்டு மூன்று தையல் போட்டிருந்தார். மூன்றையும் பிரித்துவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முகவரிக்கு இனி எழுதமாட்டேன். வாசித்து முடித்தவர் பதில் போட வேண்டாம். நீ சொல்லாத பதில்களை எல்லாம் நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேன்.

நீ கூப்பிட்ட மகள்,
யோகேஸ்வரி