தற்காலிகக் குரல்

ஒரு பஸ்ஸை முக்கால்வாசி கட்டிவிட்டு, மீதியை என் தலையில் போட்டுவிட்டுப் போன என் பாசக்கார அண்ணனுக்கு,

கோபமாகத்தான் ஆரம்பிக்கிறேன். வேறு எப்படி ஆரம்பிப்பது? காய்ச்சல் என்று படுத்தாய். ரத்த அணு குறைகிறது என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்ன கடைசிப் பேச்சு, "ஏட்டி கோமு, ஆட்டுக்காரர் பஸ்ஸுல ஏறும்போது ஆடு மட்டும் வெளியவே நிக்கி. அதச் சரி பண்ணிரு" என்பதுதான்.

சரி பண்ணிவிட்டேன். ஆடு இப்போது ஒழுங்காக ஏறுகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அன்று கீபோர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் வேலைக்குப் போனாய். வருஷக்கணக்கில் செய்தது பாறைகள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளையாட்டுகளில் யாரோ ஒரு வீரன் தாண்டிக் குதித்து ஓடுவானே, அந்தப் பாறைகள். போனில் அம்மா கேட்டதற்கு "கல்லு செய்யுதேன்" என்று சொல்லி வைத்தாய். படித்த பிள்ளை குவாரியில் கிடந்து கஷ்டப்படுகிறான் என்று அவள் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

விளையாட்டு முடிந்ததும் செய்தவர்கள் பெயரெல்லாம் திரையில் மேலே ஏறிக்கொண்டே போகும். அதில் உன் பெயரைத் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒன்றில்கூட வந்ததில்லை. நீ வேலை பார்த்த கம்பெனி பெயர் மட்டும் ஒரு மூலையில் வரும். பிறகு ஒருநாள் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள் என்று பெட்டியும் கம்ப்யூட்டருமாகச் சங்கரன்கோவிலுக்கு வந்து இறங்கினாய். உனக்கு வருத்தம் இருந்ததா? நான் கேட்கவே இல்லை. நீ சிரித்துக்கொண்டு வந்ததால் விட்டுவிட்டேன்.

"இனி நம்ம ஊரு கேமுதான் செய்யப் போறேன். நீ கோடிங் எழுது" என்றாய். சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்ஸில் நடத்துநராக இருப்பதுதான் விளையாட்டு. இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பும், ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். கூட்டத்தில் புகுந்து டிக்கெட் போட வேண்டும், யாரையும் விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் பஸ் வெறும் கட்டமாகவும் ஆட்கள் வெறும் வட்டமாகவும்தான் இருந்தார்கள். படம் வரைந்தால் என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாய். "கட்டமும் வட்டமுமா இருக்கும்போதே சிரிப்பு வரணும். வரலன்னா அப்புறம் பெயின்ட் அடிச்சு என்னத்துக்குட்டி?"

சிரிப்பு வந்தபிறகுதான் வரைந்தாய். அப்புறம் குரல். நல்ல ஆட்கள் கிடைக்கும்வரைக்கும் என்று எல்லாப் பயணிகளுக்கும் நீயே பேசிவிட்டாய். பக்கத்து வீட்டுக் காதர் அண்ணாச்சியின் விசைத்தறிச் சத்தத்தில் பகலெல்லாம் எதுவும் பதிய முடியாது. அதனால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாள்தான் நமக்குப் பதிவு நாள். ஊரே விசிறியும் கையுமாக அலுத்துக்கொள்ளும்போது நீ ஒருவன்தான் சந்தோஷமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாய். பூக்காரம்மாவாக நீ இழுத்துப் பேசியபோது நான் சிரித்துப் பதிவைக் கெடுத்தேன், நீ மைக்கின் பஞ்சை என்மேல் வீசினாய்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு அம்மா மாடிக்கு வந்தாள். "அவன் செஞ்சத எனக்குக் காட்டு" என்றாள். விசில் அடிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளே தெரியாமல், எல்லோரும் ஏறும் முன்பே இரண்டு விசில் கொடுத்துவிட்டாள். வண்டி நகர்ந்தது. பின்னால் ஒரு ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கும் உன் குரல்தானே. "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! நானும் வாரேன்!"

அம்மா ஒரு விசில் கொடுத்தாள். வண்டி நின்றது. அவன் ஏறிக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள் அண்ணே. வேண்டுமென்றே முன்னாலேயே விசில் கொடுக்கிறாள். நீ கத்துகிறாய். அவள் நிறுத்துகிறாள், நீ ஏறுகிறாய். மறுபடி முதலிலிருந்து. அவள் வண்டி சிவகிரியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன சொல்லித் தடுப்பது? தடுக்கத்தான் வேண்டுமா?

இதற்கிடையில் சென்னையில் ஒரு கம்பெனி நம் விளையாட்டை வெளியிட ஒத்துக்கொண்டது. குரலை மாற்றுவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்றார்கள். உன் நினைவாக அப்படியே இருக்கட்டும் என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அந்த ஆசைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் நீ ஒவ்வொரு பதிவுக்கும் 'தற்காலிகம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே. காரணத்தையும் சொல்லியிருக்கிறாய். "பஸ் முழுக்க ஒரே ஆளு குரல் கேட்டா அது ஊரு இல்லட்டி, அது நான் மட்டுந்தான். வெளிய விடும்போது என் குரல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

அம்மாவிடம் அதைச் சொன்னேன். விசில் கொடுக்கப் போனவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் அப்படியா சொன்னான்?"

"ஆமாம்மா."

"சொன்னாம்னா செஞ்சிரு. ஆனா இங்கன மிஷின்ல இருக்குத அவன் குரல மட்டும் தொடாத."

போன மாதம் கரண்ட் நிறுத்திய அன்று மாடிக்கு ஆட்களைக் கூட்டினேன். காதர் அண்ணாச்சி கடையநல்லூர்க்காரப் பயணியாகப் பேசினார். மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிப்பவர் மாதிரி மாறிவிட்டார், அவரைப் பழைய காதர் அண்ணாச்சியாக ஆக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குருவிகுளத்திலிருந்து நிஜமான ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் நீ ஒவ்வொரு இருக்கையாக எழுந்து இறங்கிப் போவது போலிருந்தது. நல்லாத்தான் இருந்தது அண்ணே, நீ சொன்னது சரி, பஸ்ஸில் ஊர் ஏறிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் ஓடிவரும் ஆளின் வரி மட்டும் பாக்கி. யாரைச் சொல்லச் சொன்னாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். காதர் அண்ணாச்சியே, "என்ன பிள்ளே, யாரு சொன்னாலும் வேண்டாங்குதே?" என்று கேட்டுவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"நவுருட்டி. அத நான் சொல்லுதேன்."

ஒரே தடவைதான் சொன்னாள். எழுதியிருந்த மாதிரி சொல்லவில்லை. "ஏய்யா, நிப்பாட்டுய்யா! நானும் வாரேன்!" நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கூப்பிடுவாளே, அந்தக் குரல். காதர் அண்ணாச்சி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மா என்னைப் பார்த்து, "சரியா இருக்கா?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அவள் எந்த வண்டியை நிப்பாட்டச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

விளையாட்டு வெளியே வரும் அண்ணே. ஏறிப்போகும் பெயர்களில் உன் பெயர்தான் முதலில் இருக்கும், அதை நானே தட்டச்சு செய்துவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவின் அந்தக் கூப்பாடு நீ இருக்கும் இடத்துக்குக் கேட்டாலும் கேட்கும். கேட்டால் நீ வண்டியை நிப்பாட்டாதே. திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இரு. அவளை நடுரோட்டில் தனியாக நிற்க விடமாட்டேன், இது சத்தியம். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓடிவரும் அம்மாவின் பின்னாலேயே ஓடிவரும்
உன் தங்கச்சி கோமு