பேராச்சி பேர் வெட்டிய மெஷின்

தாராவி, பம்பாய்-17
8-3-1964

அன்பு மகள் பேராச்சிக்கு அம்மா சொர்ணம்மாள் ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அப்பாவுக்குக் கண் மட்டும் சிவந்து கிடக்கிறது, பயப்படாதே, அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பாகீரதியும் நோய் நொடி இல்லாமல் இருக்க முத்தாரம்மன் துணை இருப்பாள். வளர்த்துவானேன், மெஷின் வாங்கியாகிவிட்டது! வெல்டிங் மெஷின், சொந்த மெஷின், நம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, இதை எழுதும்போது கூட அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காலையில் இட்டிலி வாங்க வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டியாகிவிட்டது, வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை.

உன் கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் புரிந்தது. ஏர்க் கொழு உடைந்தாலும் வண்டிப் பட்டை விட்டாலும் வள்ளியூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது, ஒரு நாள் வேலை கெடுகிறது, செம்பூரில் ஆலை கட்டும்போது கற்ற தொழில் கையில் இருந்தும் மெஷின் இல்லாமல் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இதெல்லாம் நியாயம்தான். ஆனால் கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, அம்மன் கோயில் கொடைக்குள் மெஷின் அமையாவிட்டால் பஹ்ரைனுக்குப் போகிறேன் என்று அவர் ஏஜெண்டிடம் பேசிவிட்டார் என்று, அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்கு மாவு ஆட்டக் கை ஓடவில்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ அந்தக் காட்டில் தனியாகக் கிடக்கவா உன்னைக் கட்டிக்கொடுத்தேன். அன்றைக்கே உதுமானிடம் போனேன். உனக்குத் தெரியுமே, நம் சந்தின் கடைசியில் தகரப் பெட்டி செய்கிற மேலப்பாளையத்துக்காரர், அவர் பட்டறைக்கு என் இட்டிலிதான் காலைப் பலகாரம். விஷயத்தைச் சொன்னதும், வாங்கக்கா, குர்லாவுல ஒரு சேட்டு பழைய மெஷின் விக்கான், நல்லதா ஒண்ணு பாத்துருவோம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாவும் ஒர்க்ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

அங்கே போய் நான் பண்ணின வேலையைக் கேட்டால் சிரிப்பாய். பித்தளை அண்டா வாங்கப் பழகின கை அல்லவா, ஒவ்வொரு மெஷினையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன், நல்ல கனமாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன், எந்தெந்த மெஷின் என்ன எடை, எடைக்கு என்ன விலை என்று கேட்டேன். சேட்டு விழுந்து விழுந்து சிரித்தான், மாதாஜி, இது கொப்பரை இல்லை என்றான். சிரிக்கட்டும். ஆனால் உள்ளே சுற்றியிருப்பது செம்பா அலுமினியமா என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது, மூடியைத் திறந்து காட்டு என்று உதுமானும் சேர்ந்துகொண்டார். அதில் இரண்டுதான் செம்பு தேறியது, ஒன்று ஆளுயரத்துக்குப் பாதி வரும் பெரியது, இன்னொன்று நம் அரிசிப் பானை அளவு சின்னது. இரண்டுமே எண்ணெய்க்குள் உட்கார்ந்திருக்கிற ஜாதி. அந்த எண்ணெய் தீர்ந்தால் விளக்கெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டு மறுபடியும் சிரிப்பு வாங்கிக்கொண்டேன், ஊற்றக் கூடாதாம், நீயும் ஊற்றிவிடாதே.

அப்பா பெரியதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒர்க்ஷாப்பில் அந்த மாதிரிதான் இருக்கிறதாம், மாப்பிள்ளையும் பெரியதுதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம், கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம் நாலு பேர் பார்க்கிற மாதிரி கொடுக்க வேண்டாமா என்றார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். உதுமான் மட்டும் சின்னதே போதும், பெருசு வீட்டு வேலைக்கு ஆகாது என்றார். இரண்டு பேரும் கடை வாசலிலேயே மல்லுக்கு நின்றார்கள். அப்போதுதான் எனக்குப் போன கொடைக்கு உங்கள் ஊருக்கு வந்தது ஞாபகம் வந்தது. உங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து போகும், ஊரில் எல்லோரும் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் அந்தச் சிவப்பும் இருக்காது, நீ சிம்னி விளக்கைத் தேடுவாய். அந்தக் கரண்டில் இது ஓடுமா என்று சேட்டைக் கேட்டேன். இங்கே அருமையாக ஓடுகிறது பாருங்கள் என்று பளிச்சென்று பற்றவைத்துக் காட்டினான். குர்லா கரண்ட் உங்கள் ஊருக்கு வந்துவிடுமா? அந்த மாதிரி நோஞ்சான் கரண்ட் பம்பாயில் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், வேறெங்கே, நம் சந்தில்தான்! சாயங்காலம் எல்லாப் பட்டறையும் ஓடும்போது கடைசிக் கம்பத்தில் இருக்கிற உதுமான் பட்டறைக்கு மிச்சம் மீதிதான் வந்து சேரும். அங்கே வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்றேன். உதுமான் ஜாமீன் சொன்னார், கைவண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு ஊர்வலமாக வந்து சேர்ந்தோம்.

விளக்கு வைக்கிற நேரம், சந்தே கூடிவிட்டது. முதலில் பெரியதை மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல், அப்பா என்னைப் பார்த்து மீசையைத் தடவினார், உதுமான் வெல்டிங் குச்சியைக் கொண்டுபோய் இரும்பில் வைத்ததுதான் தாமதம், டப்பென்று ஒரு சத்தம், பட்டறை மட்டுமில்லை, சந்து முழுக்க இருட்டு! சோறு வடித்துக்கொண்டிருந்தவள், தையல் மெஷின் ஓட்டுகிறவன், ஒருத்தர் பாக்கியில்லாமல் தமிழிலும் இந்தியிலும் எங்களை வாழ்த்தினார்கள். மேற்கொண்டு யாரும் வாழ்த்துமுன் உதுமான் கம்பத்தில் ஃபியூஸ் போட ஆள் பிடித்தார். பிறகு சின்னதை மாட்டி, ஒல்லிக் குச்சியைக் கவ்வவைத்துத் தொட்டார். பல்பு லேசாகச் சுணங்கியது, ஆனால் அணையவில்லை. குச்சி முனையில் பூ பூத்தது பேராச்சி, நீல வெள்ளையாக ஒரு பூ, அது அணையாமல் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது! நான் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா சந்தோஷத்தில் கண்ணாடியை மறந்து நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். விடிகிற வரை கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒரே புலம்பல், ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டேன், இப்போது தேவலை. பாகீரதியைப் பட்டறைப் பக்கம் விடவே விடாதே, கோழியைக் கூட விடாதே.

இனிமேல் சொல்வதுதான் பெரிய சமாச்சாரம். உதுமான் பெண்சாதி ஷரீஃபுன்னிசா, ஆள் வராத நாளில் அவள்தான் பெட்டிக்கு மூலை பற்றவைப்பாளாம், இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது. நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க மயினி, கோலம் போடுற கைக்கு இது என்ன பெரிய காரியம் என்று குச்சியைக் கவ்வுகிற ஹோல்டரை என் கையில் திணித்துவிட்டாள். என் இட்டிலி அடுப்பின் முக்காலியில் ஒரு கால் விட்டுப்போய்க் கல்லை அண்டக் கொடுத்து வைத்திருந்தேனே, அதை எடுத்து வந்தேன். குச்சி முதலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, பிடுங்கினேன், மறுபடி வைத்தேன், ஷரீஃபுன்னிசா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள், நான் விடவில்லை. மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் புழு நெளிந்த மாதிரி கோணலும் மாணலுமாக ஒரு கோடு, ஆனால் கால் ஒட்டியிருக்கிறது. மறுநாள் காலையில் இட்டிலிக் கொப்பரையை நிறைத்து அதன் மேல் ஏற்றினேன், அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, இட்டிலி வாங்க வந்தவர்கள் புகையால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு சும்மா இருப்பேனா? மாதுங்கா பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரைக் கூட்டி வந்தேன். உன் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சீர் இன்னும் நிற்கிறது, அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் எடுத்து வைத்ததில்தான் இதை வாங்கியிருக்கிறேன், ஆகையால் இது சீர்ப் பொருள், சீர்ப் பொருளுக்குப் பேர் வெட்டாமல் அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மெஷினில் உளி இறங்கவில்லை, ஒரு பித்தளைத் தகட்டில் புள்ளி புள்ளியாக வெட்டி மேலே ஆணி அடித்துக் கொடுத்தார். ஓட்டுகிறவர் மாப்பிள்ளை அல்லவா, கணேசபாண்டியன் என்று போட வேண்டாமா என்று அப்பா கேட்டார். எந்த ஊரில் சீர்ப் பாத்திரத்தில் மாப்பிள்ளை பேர் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். நெ. பேராச்சி, தாராவி என்று போட்டிருக்கிறது.

கொடைக்கு ஊருக்கு வருகிற வெயிலுமுத்து அண்ணாச்சி ரயிலில் பார்சல் போட்டுக் கூடவே கொண்டுவருவார். எண்ணெயை வடித்துத் தனி டின்னில் வைத்திருக்கிறது, ஊற்றாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. பெரியது ஏன் வரவில்லை என்று மாப்பிள்ளை முகம் கோணினால் சந்து இருண்ட கதையைச் சொல், சிரித்துவிடுவார். மெஷினைப் பார்த்த பிறகு அவர் பஹ்ரைனை மறந்தால் அம்மனுக்கு நான் பொங்கல் வைக்கிறேன். மறக்காவிட்டாலும் நீ காலைக் கட்டிக்கொண்டு அழாதே தாயி, போகட்டும். மெஷின் போகாது. உடைந்த கொழுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உன் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். இருந்தார் என்றால் இரண்டு பேருமாகச் செய்யுங்கள், அதைத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன்.

தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டியோடு, கையில் தொழிலோடு நன்றாக இரு. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் பார், பாகீரதிக்கு அனுப்பியிருக்கிற கவுனுக்குள் கறுப்புக் கண்ணாடி சுற்றி வைத்திருக்கிறேன், ஒன்றில்லை, இரண்டு. சின்னது உன் முகத்துக்குப் பார்த்து வாங்கினது.

இப்படிக்கு,
முக்காலிக்குக் கால் வைத்த உன் அம்மா
நெ. சொர்ணம்மாள்