கொடுத்துவிட்டு வந்த கோப்பை

அன்புள்ள அம்மாவுக்கு, வல்லி எழுதுவது. முட்டுவலி குறைந்ததா? நான் நலம். போனில் என்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

நேற்று கால்பந்தில் எதிர்க் கல்லூரியிடம் தோற்றோம். கோலில் நின்றது நான்தான்; கடைசி நிமிடப் பந்து என் கையில் பட்டுத்தான் உள்ளே போனது. ஐந்து வருடமாக எங்களிடம் இருந்த சுழற்கோப்பையை நானே கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களுடைய கோல்கீப்பர் ஜிஜி, "கரையண்டா, அடுத்த கொல்லம் வந்நு எடுத்தோ" என்றாள்; அழாதே, அடுத்த வருடம் வந்து எடுத்துக்கொள் என்கிறாள். நான் அழவில்லை அம்மா, வியர்வைதான்.

அறையில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் தம்பானூர் ரயில் நிலையம் வரை சும்மா நடந்துவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை வரமுடியுமா? இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் மட்டும் கொடுத்துவிடுங்கள். அப்பாவிடம் ஆட்டம் டிரா என்று சொல்லுங்கள்.

கேப்டன் ஆர்ஷா வாசலில் நிற்கிறாள். இன்றைய பயிற்சியிலும் என்னைத்தான் கோலில் நிற்கச் சொல்கிறாள். போகிறேன்.

உங்கள் மகள்,
செண்பகவல்லி