விருப்பப் பாடம்

ஜூலை 4

அன்புள்ள அம்மாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். விடுதியில் நானும் வீட்டில் பெரியம்மாவும் நலம். இல்லத்தில் உனக்குப் போனில் பேசத் தருகிற ஐந்து நிமிடத்தில் "மருந்து சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

மருத்துவ உளவியல் மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு ஒரு பாடத்தை மட்டும் நாங்களே தேர்ந்தெடுக்கலாம். விருப்பப் பாடம் என்பார்கள். குழந்தைகள், முதியோர், போதை மீட்பு என்று பல இருந்தன. நான் மனநோயாளர் மறுவாழ்வை எடுத்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு ஆறு வாரம் ஓர் இல்லத்தில் பயிற்சியும் உண்டு. நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு உன் இல்லம்தான் வந்திருக்கிறது.

சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் பயிற்சி செய்யக் கூடாது என்பது விதி. சொன்னால் மாற்றிவிடுவார்கள். ஆனால் அம்மா, இங்கே உன்னைப் பற்றி யாருக்கும் தெரியாது. சேர்ந்த அன்று குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். "அம்மா இல்லை" என்றேன். அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை நான் திருத்தவில்லை. என்னைத் திட்டு. என்ன செய்யட்டும் என்றும் சொல்.

உன் சிட்டு

ஜூலை 9

என் சிட்டுக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். திட்ட எங்கே நேரம்? ஆறு வாரத்தை நாளாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு போனால் முப்பத்தாறு! நான் இந்த இல்லத்துக்கு வந்த நாலு வருஷத்தில் உன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

யாரிடமும் எதுவும் சொல்லாதே. பேசாமல் வா. தெரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன். நீ "உங்க பேரென்னம்மா?" என்று கேள், சொல்கிறேன். மருந்துக் கவர் ஒட்டும் கூடத்தில் ஜன்னலோரம் என் இடம். நீ போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வேன். அது போதும். எனக்கு நடிக்க வராது என்று பயப்படாதே. காதில் கேட்கிற குரல்களையே கேட்காத மாதிரி இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான்!

இப்போது அந்தத் தொல்லை அதிகமில்லை. பக்கத்துக் கட்டில் டீச்சரின் குறட்டைதான்.

அம்மா

ஜூலை 16

கண்ணு,

பதில் காணோம். வேலை இருக்கும். மூன்று மாணவிகள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னார். தலைக்குச் சாயம் போடலாமா என்று கேட்டேன். "யாரை மயக்கப் போறீங்க?" என்று சிரித்தார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் ஃபைலை உன்னிடம் கொடுப்பார்கள். அதில் நான் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் இருக்கும். நான் வாசலில் நின்று கத்தியது, வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொண்டது, "இவங்க யாருன்னே தெரியாது" என்று நீ சொன்னது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிடு. பத்து வயசுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அம்மா

ஜூலை 23

அம்மா,

நேற்று என்னை எதிர்பார்த்திருப்பாய். மன்னித்துவிடு.

உன் இரண்டாவது கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தரம் தெரியாது என்று சொன்னேன். இப்போது முப்பத்தாறு நாள் சொல்ல வேண்டும், அதுவும் உன் முகத்துக்கு நேராக. முடியவில்லை. நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனேன்.

"ஏன் முதல்லயே சொல்லல?" என்றார்.

"வெட்கமா இருந்தது மேடம்."

"அம்மாவை நினைச்சா?"

"அப்போ அப்படித்தான். இப்போ என்னை நினைச்சா வெட்கமா இருக்கு."

பேனாவை மூடிவைத்தார். "பயிற்சி இடத்தை மாத்திடறேன். நீ போய் அம்மாவைப் பாரு. அதுக்கு எந்த விதியும் குறுக்கே நிக்கல" என்றார்.

வகுப்பிலும் சொல்லிவிட்டேன். என் அறைத்தோழி, உன் ஆத்மா சாந்தியடைய ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டவள், மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

எனக்கு வேறு ஊரில் பயிற்சி. ஆகஸ்ட் நாலாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். பார்வையாளருக்கு ஒரு மணி நேரம்தானாம். அந்த ஃபைல் என் கைக்கு வராது. உன் வாயால் நீயே சொல். நானும் சொல்கிறேன்.

சிட்டு

ஜூலை 29

என் சிட்டுவுக்கு,

போன திங்கட்கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஆள் பின்னால் வருவாள் என்று சாயங்காலம் வரை ஒரு கவர்கூட ஒட்டவில்லை. பிறகு உன் கடிதம் வந்தபோது, முப்பத்தாறு நாளை ஒரு மணி நேரமாக்கிவிட்டாளே என்று கோபம்கூட வந்தது. மறைப்பானேன்?

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் எல்லாரிடமும் எனக்குப் பிள்ளையே இல்லை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கடிதம் போடுவது அக்கா மகள் என்றேன். மகள் இருக்கிறாள் என்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். உன்னை ஒருத்தர் குறை சொல்லி என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு மக இருக்கா. டாக்டருக்குப் படிக்கிறா. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றா."

ஒருத்தரும் நம்பவில்லை. டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு மருந்தைக் கூட்ட வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொல்லப் போயிருக்கிறாள்.

சீக்கிரம் வா, கண்ணு.

அம்மா