கூரைத் தண்ணீர் விழும் கோடு

காமாவெட்
மோன் மாநிலம், பர்மா
ஜனவரி 9, 2000

அன்பு மகள் மி நொன்னுக்கு,

தாய்லாந்தின் மகாச்சாயிலிருந்து வந்த லாரிக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். பேரப்பிள்ளை வரப்போகிறது என்று படித்ததும், எதிரே நின்றது அவர்தான் என்பதால் அவரையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். மனிதர் மிரண்டுவிட்டார்.

பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறேன் என்கிறாய். இதற்கு என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு பற்றவில்லை. நீ கல்யாணமாகிப் போனவள் அம்மா, இன்னொரு வீட்டுத் தெய்வத்துக்கு உரியவள். தென்கிழக்குத் தூணில் நம் வீட்டுத் தெய்வமான முன்னோரின் துணிக்கூடை தொங்கும்வரை, வேற்று வீட்டுப் பெண் இந்தக் கூரையின் கீழ் பிள்ளை பெறக்கூடாது. அந்தத் தெய்வத்துக்கு ஆகாது என்று விருந்தாளிக் குழந்தையின் பொம்மையைக்கூட வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறவன் நான். குற்றம் என் தலையோடு போனால் பரவாயில்லை, வழுக்கைதானே. உன் சித்தப்பா பிள்ளைகள் மேல் நோயாய் இறங்கும்.

உன் அம்மா இருந்திருந்தால் பக்குவமாய்ச் சொல்லியிருப்பாள்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் நம் மோன் இனத்தின் தேசிய நாள். அன்ன வாகனம் தூக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிவப்புக் கைலி இடுப்பைச் சுற்றி வரவில்லை. கைலி சுருங்கிவிட்டது என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

கோபிக்காதே.
அப்பா

*

மகாச்சாய்
ஜனவரி 30

அப்பாவுக்கு,

வயிறு தெரிகிறது, இனி இறால் உரிக்க ஆலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் மீன்பிடிப் படகில் போயிருக்கிறார், மழைக்காலத்துக்கு முன் திரும்பமாட்டார். அறையில் தனியாக இருக்கிறேன். அதனால்தான் கேட்டேன்.

பழந்துணிக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லை. சரி.

கடல் நடுவே ஒரு பறவை நிற்கத்தான் மண் இருந்தது, ஆண் அன்னம் பெண்ணைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது, அங்கேதான் நம் நாடு பிறந்தது என்று என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னது நீங்கள்தான். வாகனம் தூக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

மி நொன்

*

காமாவெட்
பிப்ரவரி 24

மகளே,

பார்த்தேன். வாகனத்தை இறக்கிய பிறகுதான் பார்த்தேன், தூக்கும்போது கைலியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாய் இருந்தது. ஊரே சிவப்பும் வெள்ளையுமாய்ப் பாடிக்கொண்டு போனது. கீழே ஆண், மேலே பெண். எனக்கு மட்டும் பாட்டு வரவில்லை.

மறுநாள் தெய்வ ஆட்டம் நடத்தும் பெரியவரிடம் போய், கூடையை யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டேன். மகனுக்குத்தான் போகும், மகன் இல்லாதவனோடு முடிந்துபோகும் என்றார். வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "கூரைத் தண்ணி விழுற கோட்டுக்கு அந்தப் பக்கம் முன்னோருக்கு என்னய்யா பேச்சு?" என்றார்.

அந்தக் கோட்டைத் தாண்டி, தென்னைக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குடிசை கட்டிவிட்டேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கட்டியவனைப் போல. பக்கத்து வீட்டு மி சான் வேலியோரம் நின்று, "துணிக்கு வீடு, மகளுக்குக் குடிசையா அண்ணே?" என்றாள்.

"அப்பன் மகள் ரெண்டு பேருக்கும் குடிசைதான்" என்றேன்.

என் பாயும் கொசுவலையும் இப்போது குடிசையில்தான். காலையில் வீட்டுக்குள் ஏறித் தூணடியில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். நான் இருக்கும்வரை அவர்களுக்குக் குறை வைக்க முடியாது அம்மா. எனக்குப் பிறகு அந்தக் கூடை இல்லை. நீ இருக்க வேண்டும்.

லாரிக்காரர் உன்னை முன் இருக்கையில் ஏற்றி வருவார், சொல்லிவிட்டேன். சித்திரைப் புதுவருடத்துக்குச் செய்யும் தண்ணீர்ச்சோற்றுக்கு முன் வந்துவிடு.

குழந்தைக்குப் பொம்மை வாங்கியிருந்தால் கொண்டுவா.

அப்பா