பருப்புக்கீரை விஷயத்தில் உன்னிடம் மறைத்தது

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே உன் உடம்பும் படிப்பும் சீராக இருக்கட்டும். இங்கே அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், நாலு வாய் சாப்பிட்டாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள், ஆக நலம் என்றே எழுதலாம். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. நான் சொன்ன கீரைதான் அம்மாவைப் படுக்க வச்சிருச்சு என்று சித்தியிடம் அழுதாயாம். உன்மேல் நீ பழி போட்டுக்கொள்வது தப்பு. சுற்றி வளைக்க எனக்கு வராது, நேராகவே சொல்கிறேன்.

சத்துணவுப் பாடத்தில் படித்து நீ எழுதியதெல்லாம் சரிதான். மதில் ஓரம் தானாக முளைக்கிற பருப்புக்கீரையில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது, பருப்போடு வேகவைக்கலாம், தளிரைப் பச்சையாகத் தயிரில் போடலாம், தண்டைக் கிள்ளினால் பால் வருவது வேறு செடி, அதைத் தொடாதீங்க என்றுகூட எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். ஒரு வருஷமாக அம்மாவுடைய சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை. பரீட்சை நேரம், பிள்ளைகிட்ட மூச்சு விடாதீங்க என்றாள், நானும் தலையாட்டினேன். அந்தக் கீரையில் பொட்டாசியம் அதிகம், நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், அவளுடையது தள்ளாது. எம் பொண்ணு எழுதியிருக்கா என்று தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள், நான் அந்தக் கீரையைப் பற்றி ஒரு வரி படித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதத்தான் கை வரவில்லை. அவள் ரத்தத்தை எங்கள் லேபில் நானேதான் பரிசோதித்தேன். ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஆறரை காட்டியது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் இப்படிப் பொய்யாக ஏறும், தினம் பார்க்கிறவன், அதுதான் என்று ஒதுக்கிவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் மறுபடி எடுத்துப் பார்த்திருப்பேன். அவளுக்கு ஊசி என்றால் பயம், பாவம் என்று விட்டேன். மறுநாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்தவளுக்குக் கால் ஓய்ந்து எழ முடியவில்லை, நாடி விட்டு விட்டு அடித்தது. லேப்ல வேலை பாக்குற வீட்டுலயா இப்படி என்று டாக்டர் கேட்டார். இப்போது அளவு இறங்கிவிட்டது.

மறைத்தது நாங்கள் இரண்டு பேர், கோட்டைவிட்டது நான் ஒருவன். இதில் உனக்குப் பங்கு கிடையாது. இனி அம்மாவுடைய ரிப்போர்ட் நல்லதோ கெட்டதோ அன்றைக்கே உனக்கு வரும். நீங்க எழுதுறது இருக்கட்டும், அவ குரலக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும் என்கிறாள் அம்மா. படித்த கையோடு அவளைக் கூப்பிடு, அழுகை வந்தாலும் கூப்பிடு.

நீண்ட ஆயுளோடும் தைரியத்தோடும் இரு. இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

உன் அப்பா