கேள்வித்தாள் வண்டி வகுத்த கபடி மண்டலம்

அனுப்புநர்:
திருமதி க. ராஜலட்சுமி,
பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்,
திருவள்ளி மகளிர் கல்லூரி,
பொன்னமராவதி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு துணைவேந்தர் அவர்கள்,
வெள்ளாற்றுப் பல்கலைக்கழகம்.

நகல்: இயக்குநர், விளையாட்டுப் பிரிவு.

பொருள்: கல்லூரி விளையாட்டு மண்டலங்களை மாற்றியமைத்ததால் எங்கள் மகளிர் கபடி அணி களம் இறங்கும் முன்பே வெளியேற்றப்பட்டது – அடுத்த ஆண்டுக்கும் தடை விதிக்கப்பட்டது – நியாயம் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் விளையாட்டுப் பிரிவின் மண்டல மறுசீரமைப்புச் சுற்றறிக்கை.
2. 29.08.2025 அன்று கட்டுமாவடியில் நடந்த மண்டல மகளிர் கபடிப் போட்டி.

மதிப்பிற்குரிய துணைவேந்தர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் பொன்னமராவதியில் மாவு மில் நடத்தி வருகிறேன். என் மகள் ஹரிணி மேற்படி கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறாள். கபடி அணியின் தலைவி. மகளிர் அணி வெளியூர் செல்லும்போது பெண் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பது தங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. எங்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகத் திரு. திருமுருகன் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டதால், ஹரிணி சேர்ந்த ஆண்டிலிருந்து அணிக்குத் துணையாக நான்தான் போய் வருகிறேன். கபடி விதிகளெல்லாம் எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் இதில் எழுதியிருப்பவை என் கண் முன்னால் நடந்தவை, என் காதால் கேட்டவை.

2. சென்ற ஆண்டு வரை எங்கள் கல்லூரி மேற்கு மண்டலத்தில் இருந்தது. விராலிமலை, இலுப்பூர், கீரனூர்ப் பகுதிக் கல்லூரிகள் எங்களோடு இருந்தன. எந்தக் கல்லூரியில் போட்டி நடந்தாலும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் வீட்டார் எல்லா அணிக்கும் மதியச் சாப்பாடு சமைப்பார்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்பது அங்கே வழக்கம். இதை எந்தச் சுற்றறிக்கையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. விராலிமலை அணித் தலைவி ஜெனிபர், ஆவூர்ப் பெண். என் மகளைக் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து அவள் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் மகளும் அடுத்த ஆண்டு அதே மரியாதையை அவளுக்குத் திருப்பிச் செய்தாள். விராலிமலைக்கும் எங்களுக்கும் ஆட்டம் என்றால் இரண்டு ஊரிலும் கடையைச் சாத்திவிட்டு வந்து பார்ப்பவர்கள் இருந்தார்கள்.

3. இந்த ஆண்டு அந்த மண்டலத்தைக் காணவில்லை. "போட்டியின் தரத்தை உயர்த்தவும் நிர்வாக வசதிக்காகவும்" மண்டலங்கள் மறுசீரமைக்கப்பட்டதாகச் சுற்றறிக்கை கூறுகிறது. விளையாட்டு விடுதியும் செயற்கைத் தரையும் உள்ள நான்கு பெரிய கல்லூரிகளைத் தனியே எடுத்து, "சிறப்பு மண்டலம்" என்று பெயர் வைத்து, அவை நேரடியாக இறுதிச் சுற்றுக்கு வரலாம் என்று வசதி செய்து கொடுத்திருக்கிறீர்கள். அந்த நான்கில் ஒன்றை எங்கள் பிள்ளைகள் சென்ற ஆண்டு எங்கள் மண் தரையில் வைத்துத் தோற்கடித்தார்கள். தரம் உயர வேண்டுமென்றால் ஜெயித்த அணியோடு அவர்களை மறுபடி மோத விடுவதுதானே முறை. இனி எங்கள் புழுதி அவர்கள் மீது படாது. அதைத்தான் தரம் என்கிறீர்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. தங்கள் பதவிக்குரிய மரியாதை கருதிக் கேட்காமல் விடுகிறேன்.

4. மீதமிருந்த கல்லூரிகளைப் பிரித்த விதம் இன்னும் விசித்திரம். மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எங்களைக் கிழக்கே கடற்கரையில் இருக்கும் கட்டுமாவடி நெய்தல் கல்லூரியோடு சேர்த்தார்கள். பக்கத்திலிருந்த விராலிமலையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியையும் தாண்டித் தள்ளிவிட்டார்கள். ஜெனிபர் என் மகளுக்குப் போன் செய்து, "யாருகூட ஆடப்போறோம்னே தெரியலக்கா, ஊர் பேரே இப்பத்தான் கேக்குறேன்" என்று வருத்தப்பட்டாள். எதிரி அணித் தலைவி இப்படி வருத்தப்படுவதைத் தங்கள் பல்கலைக்கழகம் ஒரு சாதனையாகவே எழுதிக்கொள்ளலாம்.

5. கட்டுமாவடிப் போட்டி வெள்ளிக்கிழமை என்ற தகவல் எங்கள் கல்லூரிக்குச் செவ்வாய்க்கிழமை மாலைதான் வந்தது. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை; அதற்கடுத்த நாளே கிளம்ப வேண்டிய கடைசி நாள். வேன் கேட்டு எழுத ஆளில்லை, கையெழுத்துப் போட ஆளில்லை. பஸ்ஸில் போவதென்று முடிவாயிற்று. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து கட்டுமாவடி என்று மூன்று பஸ். அந்த வெள்ளிக்கிழமை ஆவணி முகூர்த்தம். ஊரில் உள்ள எந்த வீட்டுக் காலண்டரைப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்கும். இருட்டிலேயே கிளம்பிப் போயும், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாகக் கூட்டம் நின்றது. வந்த பஸ்களில் பன்னிரண்டு பேருக்கும் மூட்டைக்கும் இடமில்லை. பிள்ளைகளைப் பிரித்து ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. யாராவது ஒரு பெண் வழியில் தனியாக நின்றுவிட்டால் அவள் வீட்டாருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஏற ஒரு பஸ் கிடைத்தபோது நன்றாக விடிந்துவிட்டது. திருமுருகன் சார் வழிநெடுகப் போட்டி ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் வராமல் இருக்கவில்லை, வந்துகொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

6. நாங்கள் கல்லூரி வாசலுக்குள் நுழைந்தபோது, நாங்கள் வரவில்லை என்று எதிரணிக்கு ஆடாமலே வெற்றி தரும் வாக்ஓவரை அறிவித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நெய்தல் கல்லூரி அணி களத்தை விட்டு வெளியே வராமல் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைவி வனிதா ஒருங்கிணைப்பாளரிடம், "அதான் வந்துட்டாங்கல்ல சார், ஆடிக்கிறோம்" என்று கேட்டாள். எங்களுக்காக எதிரணி கெஞ்சியது, ஐயா. அவரோ விதி விதிதான் என்றார். வாக்ஓவர் கொடுத்த அணியிலிருந்து யாரும் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குச் செல்ல முடியாது, அடுத்த ஆண்டும் அந்த அணி விளையாட முடியாது என்ற விதியையும் அவரே எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்த வாயால், "அடுத்த வருசம் முன்னாடியே கெளம்பி வாங்கம்மா" என்று எனக்கு அறிவுரையும் கூறினார். நான் அந்த இடத்தில் வாய்திறக்கவில்லை. திறந்திருந்தால் இம்மனுவை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

7. திங்கட்கிழமை தங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்தேன். மண்டலங்களை எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று மூன்று அறைகளில் கேட்டேன். நான்காவது அறையில் ஒருவர், கேட்ட பாவத்துக்கு, உண்மையைச் சொன்னார். அவர் பெயரை எழுத மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர். அவர் சொன்னது இதுதான்: "இதுக்குன்னு யாரும் உக்காந்து பிரிக்கலைங்க. பரீட்சைக்குக் கேள்வித்தாள் கொண்டுபோற வண்டிக்கு ஏற்கெனவே ரூட்டு இருந்துச்சு. ஒரு வண்டி போற காலேஜ் எல்லாம் ஒரு மண்டலம்னு போட்டுட்டாங்க." அந்த வண்டி புறப்பட்டதும் முதலில் வந்து நிற்பது எங்கள் கல்லூரி. மாவட்டம் முழுதும் சுற்றி அது கடைசியாகப் போய்ச் சேருமிடம் கட்டுமாவடி. விராலிமலைக்கு வேறு வண்டி.

ஐயா, கேள்வித்தாள் கட்டுக்குப் பசிக்காது. அது பஸ் மாறாது. அதற்கு வீட்டில் அம்மா அப்பா கிடையாது. அரக்கு முத்திரை வைத்து வண்டியில் ஏற்றினால் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் போட்ட வழியில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்பிள்ளைகளை அனுப்பலாம் என்று எந்த மேசையில் முடிவானது? கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது அந்த வழியில் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பார்த்தாரா? எனக்கு ஆத்திரம் வருகிறது. மனுவில் எழுதக்கூடாத சொல் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறு சொல் இல்லை.

8. இதன் விளைவு ஒரு போட்டியோடு முடியவில்லை. எங்கள் அணியில் பாடிப் போவதில் கெட்டிக்காரப் பெண்ணின் தகப்பனார் செல்லமுத்து, மேலைச்சிவபுரி பக்கத்து விவசாயி. அவர் மில்லுக்கு வந்து, "விராலிமலைன்னா நானே வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, ஆட்டத்தையும் பாத்துட்டுக் கூட்டியாருவேன். கடலோரத்துக்கெல்லாம் எப்படிங்க அனுப்புறது? போதும்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் இருவர் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண்ணைக் கபடி ஆட அனுப்பும்படி ஒரு வீட்டாரைச் சம்மதிக்க வைக்க எத்தனை பேர் எத்தனை முறை அந்த வீட்டுப் படியேற வேண்டியிருக்கிறது என்பதைத் தங்கள் விளையாட்டுப் பிரிவு அறியாது. நான் ஏறியிருக்கிறேன். அந்த உழைப்பையெல்லாம் ஒரே சுற்றறிக்கையில் கெடுத்துவிட்டீர்கள்.

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு இது கடைசி ஆண்டு. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையில் சேர வேண்டும் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆசைப்படுகிறாள். அணித் தேர்வு செப்டம்பர் 12 அன்று நடக்கிறது. திறமை போதாதென்று அங்கே திருப்பி அனுப்பினால் அழுதுவிட்டுத் தேறிக்கொள்வாள். வாசலிலேயே நிறுத்துவதுதான் அநியாயம்.

9. மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்று மதியம் நடந்ததைத் தாங்கள் தனியாகப் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

மற்ற ஆட்டங்கள் முடிந்து ஒருங்கிணைப்பாளர் காரில் ஏறிப் போன பிறகு, நெய்தல் கல்லூரிப் பிள்ளைகளின் வீட்டார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அங்கே சாப்பிட மனமில்லை. வனிதாவின் தாயார் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "வெள்ளிக்கெழம நீங்கள்லாம் கவுச்சி சாப்பிட மாட்டீங்கன்னு சாம்பார்தான் வச்சிருக்கோம், ஒக்காருங்க" என்றார். அவர்கள் வீட்டு ஆண்கள் படகில் போய் மீன் கொண்டுவருகிறவர்கள். முன்பின் பார்த்திராத எங்களுக்காக அன்று அந்த வீடுகளில் சாம்பார் வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வனிதா மட்டும் பரிமாற மறுத்துவிட்டாள். "ஜெயிச்சவங்கதான் பரிமாறணும்னு ஒங்க ஊர் வழக்கம்னு ஹரிணி சொல்லுச்சு. நாங்க இன்னும் ஜெயிக்கலையே" என்றாள்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எல்லாரும் எழுந்தோம். அதே களத்தில், இரு கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் நடுவர்களாக நிற்க, இரு பாதியும் முழுமையாக ஆட்டம் நடந்தது. மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவர்கள்கூடப் போகாமல் நின்று பார்த்தார்கள். கடைசி நிமிடம் வரை யார் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பாடிப் போனவள் என் மகள். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் வனிதா அவளைப் பிடித்துவிட்டாள். 31க்கு 29 என்று நாங்கள் தோற்றோம். வனிதா எங்களுக்குப் பரிமாறினாள். என் மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

10. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மண்டலங்களை அடுத்த ஆண்டுக்குள் பஸ் ஓடும் வழியைப் பார்த்துத் திருத்துங்கள். அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு மண்டலத்துக் கல்லூரிகளை எங்களோடு ஆட அனுப்புவதா என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் 12ஆம் தேதிக்கு முன் செய்தாக வேண்டும். 29.08.2025 அன்று எங்கள் அணி வாக்ஓவர் கொடுத்ததாக எழுதியிருப்பதை அடித்துவிட்டு, நெய்தல் கல்லூரியிடம் 31க்கு 29 என்று தோற்றதாக எழுதுங்கள். தோற்ற அணிக்குத் தடை கிடையாது. தோற்ற அணியின் பிள்ளைகள் தேர்வுக்கு வரலாம். அதுவும் தங்கள் விதிதான். அந்தத் தோல்வி எங்கள் பிள்ளைகள் ஓடி, விழுந்து, முட்டி தேய்ந்து வாங்கியது. அதை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: பொன்னமராவதி
நாள்: 02.09.2025

இப்படிக்கு,
தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
க. ராஜலட்சுமி

மேலே ஒன்பதாம் பத்தியில் உள்ளது உண்மை. எங்களுக்கு வாக்ஓவர் வெற்றி வேண்டாம். ஆடி ஜெயித்ததாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நா. வனிதா,
அணித் தலைவி, மகளிர் கபடி,
நெய்தல் கல்லூரி, கட்டுமாவடி.